சோத்தாங்கைப் பக்கம்

காலையில் கண் விழித்ததும் உள்ளங்கையைப் பார்க்க வேண்டும் என்பார்கள். அதில் லட்சுமி இருக்கிறாளாம். நான் பார்ப்பது லட்சுமிக்காக இல்லை. இரண்டு கைகளையும் கம்பளிக்கு வெளியே நீட்டி, விரல்களை விரித்து, நடுங்குகிறதா இல்லையா என்று பார்ப்பேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலத்தில் வந்த பழக்கம். இன்னும் விடவில்லை.

வாரப் பத்திரிகைகளைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் யோசனை. மனசு சந்தோஷமாக இருக்க வெள்ளனே எழுந்திரு, நடந்து போ, நாலு பேரிடம் முகம் கொடுத்துப் பேசு, மனதில் உள்ளதை வீட்டில் சொல்லு. அட போங்கய்யா என்று பத்திரிகையைத் தூக்கிப் போடத்தான் தோன்றும். ஆனால் அதெல்லாம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அத்தனையும் பலிக்கும். ஒன்று விடாமல் செய்து பார்த்தவன் நான். பலித்ததால்தான் கெட்டேன்.

நான் பஸ் டிரைவர். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு மலைப்பாதையில் ஓட்டினேன். பதினோரு வருஷத்தில் ஓர் ஆட்டுக்குட்டியைக்கூட அடித்ததில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறைய உண்டு. டீக்கடைக்குள் நான் நுழைந்தால் இளவட்ட டிரைவர்கள் எழுந்து இடம் விடுவார்கள், விடாவிட்டால் முறைப்பேன். வீடு கொடைக்கானல் கடைத்தெருவுக்குக் கீழே, சரிவில், தகரக் கூரை போட்ட வரிசை வீடுகளில் ஒன்று. பெண்சாதி கூக்கால் என்கிற மலைக்கிராமத்துக்காரி. பூண்டு விவசாயம் பண்ணுகிற குடும்பம். பேச்சிலும் பூண்டுக் காரம் இருக்கும்.

அந்த வருஷம் சித்திரையில் எனக்குப் புதுக் கண்டக்டர் ஒருவனைப் போட்டார்கள். கொடைக்கானலிலேயே பிறந்தவன். அவன் அப்பா வெள்ளைக்காரர் பங்களாவில் சமையல்காரர். இவனும் அந்தப் பங்களாவைச் சுற்றியே வளர்ந்தவன். இருபத்தைந்து வயது. கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. வாயைத் திறந்தால் இங்கிலீஷ் விழும். படித்த இங்கிலீஷ் இல்லை, பங்களா இங்கிலீஷ். மழை விட்டால், "கிளியர் ஆயிருச்சுண்ணே" என்பான். மூடுபனி இறங்கினால், "மிஸ்டு வருது, ஸ்லோவாப் போங்கண்ணே" என்பான். மலைக்குக் கீழே இருந்து வருகிற கீழ்நாட்டுப் பயணிகள் சிரிப்பார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். எனக்கு அவனைப் பிடித்திருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. டிரைவர் கண்டக்டரிடம் பல்லைக் காட்டினால் மரியாதை போய்விடும் என்று நினைத்திருந்தேன். பெரிய மரியாதை, கருமம்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. பெருமாள்மலைக்குக் கீழே ஒரு வளைவில் மண் சரிந்து ரோட்டில் பாதியை எடுத்துக்கொண்டு போயிருந்தது. மத்தியானம் மூன்று மணி இருக்கும். நான் ஏறிக்கொண்டிருந்தேன். எதிரே உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று இறங்கி வந்து நின்றது. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும். ஆனால் அந்த லாரியால் பின்னே ஏற முடியவில்லை. நின்ற இடத்திலேயே சறுக்கியது. சரி, நாமே பின்வாங்கிவிடுவோம் என்று முடிவு செய்தேன். கண்டக்டர் பயணிகள் எல்லாரையும் இறக்கி, பாறை ஓரமாக நிறுத்தினான்.

எனக்கு வலப்பக்கம் பாறை. இடப்பக்கம் பள்ளம். டிரைவர் உட்கார்வது வலப்பக்கம். இடது பின்சக்கரம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதைப் பார்த்துச் சொல்லத்தான் கண்டக்டர். மற்ற நாளென்றால் விசில் ஊதுவான், தகரத்தில் தட்டுவான். அன்று அவன் இரண்டு கையிலும் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கிற கட்டையைப் பிடித்திருந்தான். அதனால் வாயால்தான் சொல்ல வேண்டும்.

"வரலாம், வரலாம்" என்றான். வந்தேன். பிறகு, "ரைட்! ரைட்!" என்று கத்தினான்.

பஸ்காரர்களிடம் 'ரைட்' என்றால் ஒரே அர்த்தம்தான். போகலாம், ஒன்றும் பயமில்லை. பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தால் அது டிரைவரின் மூளைக்குப் போவதில்லை, நேரே காலுக்குப் போய்விடும். நான் தொடர்ந்து பின்வாங்கினேன். அவன் இன்னும் பலமாக, "ரைட்டு! ரைட்டுண்ணே!" என்றான். நானும் இன்னும் கொஞ்சம் வேகமாக வந்தேன். பஸ் இடப்பக்கம் சாய்ந்தது. பிரேக்கை மிதித்தேன். ஒரு பாறைத் துண்டு அச்சில் முட்டி வண்டி நின்றுவிட்டது. நான் குதித்து அந்தப் பக்கம் ஓடினேன். ரோட்டின் விளிம்பு அங்கே இல்லை. கட்டையை முட்டுக் கொடுக்கக் குனிந்தவனும் அந்த மண்ணோடு போயிருந்தான். கீழே வெறும் பனிமூட்டம். சாயங்காலம்தான் கயிறு கட்டி உடலைத் தூக்கினார்கள்.

போலீஸ் வந்தது, கம்பெனி மேனேஜர் வந்தார். பயணிகள் அத்தனை பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: "அந்தக் கண்டக்டர் தம்பி ரைட்டு ரைட்டுன்னு சொல்லிக்கிட்டேதான் இருந்துச்சு. டிரைவர் மேல தப்பில்லீங்க." பொய் சொல்லவில்லை, காதில் விழுந்ததைச் சொன்னார்கள். நானும் அப்படியே சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். கண்டக்டர் கவனக்குறைவாகச் சமிக்ஞை கொடுத்ததால் நேர்ந்தது என்று எழுதி ஃபைலைக் கட்டிவிட்டார்கள். அன்று நானும் அதைத்தான் நம்பினேன். விளிம்பு உடைகிறபோது ரைட் சொன்ன மடையன் என்று அவன் மேல் எனக்குக் கோபம்கூட இருந்தது.

எட்டு நாள் கழித்து வேறு பஸ்ஸைக் கொடுத்தார்கள். ஏறி உட்கார்ந்தேன். ஸ்டியரிங்கில் கை வைத்தேன். கை நடுங்கியது. குளிர்நடுக்கம் என்று நினைத்து உள்ளங்கையைத் தேய்த்தேன். பின்னால் கண்டக்டர், "ரைட்" என்றான். கால் கிளட்சிலிருந்து எழவே இல்லை. ஐம்பது பேர் பார்க்க நான் இறங்கி வீட்டுக்கு நடந்தேன். எழுந்து இடம் விடுகிற இளவட்டங்கள் எல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அதற்கு அவர்கள் என்னை முறைத்திருந்தால்கூடத் தேவலை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மூச்சை நன்றாக இழுத்து விடச் சொன்னார். பயம் வந்தால் பத்து வரை எண்ணச் சொன்னார். "பத்து எண்ணி முடிக்கிறதுக்குள்ள ரெண்டு வளைவு போயிரும்மா" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, எனக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்து கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு படுத்தேன். நாலு நாள் எழுந்திருக்கவில்லை. சோறு இறங்கவில்லை. கூரைத் தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் அவன் கூப்பிடுவது கேட்டது.

ஐந்தாம் நாள் பெண்சாதி கம்பளியைப் பிடுங்கி மடித்து வைத்துவிட்டாள்.

"எந்திரிங்க. நான் சொல்றதச் செய்யிங்க. ஏன் எதுக்குன்னு கேக்காதீங்க. கூக்கால்ல வெள்ளாம மொத்தமும் அழுகிப் போனப்ப எங்கய்யா இப்பிடித்தான் சுருண்டு கெடந்தாரு. எங்காத்தா அழுதுக்கிட்டு ஒக்காரல. காலுக்கும் கைக்கும் சோலி குடுத்துச்சு."

"எனக்கு என்ன சோலி இருக்கு இப்ப?"

"இருக்கு. மொதல்ல மூஞ்சி கழுவுங்க. ஆறு நாள் தாடி. பாக்கச் சகிக்கல."

இப்படித்தான் ஆரம்பித்தது. விடிவதற்குமுன் எழுந்து படுக்கையை நானே மடிக்க வேண்டும். குழாயில் பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டும். கொடைக்கானல் கார்த்திகையில் பச்சைத் தண்ணீர் என்றால் உயிர் போய் வரும். பிறகு ஏரியைச் சுற்றி நடை, மூன்று மைல். மூன்று பேரிடம் நின்று பேசாமல் வீட்டுக்கு வரக் கூடாது. "சும்மா தலைய ஆட்டிட்டு வந்தா சேத்தியில்ல. வாயத் தொறந்து பேசணும்" என்பாள். பால்காரர், குதிரை வாடகைக்கு விடுகிறவர், பங்களா நாயை நடத்திக் கூட்டி வரும் ஓர் ஆயா, இவர்கள்தான் என் மூன்று பேர். நாயிடம் பேசினால் கணக்கில் வருமா என்று ஒரு நாள் கேட்டேன். கரண்டியை ஓங்கினாள்.

வெயில் வந்ததும் விதைப்பூண்டைக் கொட்டிக்கொண்டு உட்கார வேண்டும். பிறந்த வீட்டிலிருந்து குதிரைப் பொதியில் வந்த பூண்டு. கட்டியை உடைத்துப் பல் பல்லாகப் பிரித்து, சொத்தையை ஒதுக்கி, தோல் கிழியாமல் வைக்க வேண்டும். நடுங்குகிற விரலால் அதைச் செய்வது லேசில்லை. முதல் நாள் பாதிப் பூண்டு நசுங்கியது. "அதுவும் சட்டினிக்கு ஆகும்" என்று அள்ளிக்கொண்டு போனாள்.

பொழுது சாய்ந்து விளக்கு வைத்ததும் கடைசி வேலை. அன்றைக்கு மனசில் பட்டதில் ஒன்றை அவளிடம் சொல்ல வேண்டும். நல்லதோ கெட்டதோ, ஒன்று. "உள்ள வச்சு பூட்டுனா பூண்டும் அழுகும், ஆளும் அழுகும்" என்பாள். முதல் நாள் எனக்கு ஒன்றும் வரவில்லை. "பச்சத் தண்ணி கொல்லுது" என்றேன். "அதுவும் சரிதான்" என்று ஒப்புக்கொண்டாள்.

இரண்டு வாரத்தில் சோறு இறங்கியது. தூக்கம் வந்தது. அப்போதுதான் அவள் அடுத்ததைச் சொன்னாள்.

"அந்தக் கண்டக்டர் வீட்டுக்குப் போயி துக்கம் கேட்டுட்டு வாங்க. ஒரு மாசமாச்சு. ஊரு என்ன நெனைக்கும்?"

போனேன். அவன் வீடு ஊரின் மறுபக்கச் சரிவில். அந்தப் பக்கம் எனக்குப் பழக்கமில்லை. பாதை இரண்டாகப் பிரிகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே குழாயடியில் ஒரு பெண் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். இறந்துபோன கண்டக்டர் வீடு எது என்று கேட்டேன். அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டாமல், குடத்தைப் பிடித்தபடியே சொன்னாள்: "நேராப் போங்க. அந்தத் தைலமரத்துகிட்ட ரைட்."

நான் ஏதோ யோசனையில் தைலமரத்தடியில் இடப்பக்கம் காலை வைத்தேன். பாசி படிந்த சரிவு அது. பின்னால் அவள் பதறிக் கத்தினாள்.

"அங்க இல்லீங்க! வழுக்கிரும்! ரைட்டு! ரைட்டு!"

அப்படியே நின்றுவிட்டேன். அதே சொல். அதே பதற்றம். அதே மாதிரி சொல்லின் கடைசியை இழுக்கிற கொடைக்கானல் குரல். இந்த ஊரில் இவர்கள் வலப்பக்கத்துக்கு 'ரைட்' என்றுதான் சொல்வார்கள். பங்களாவில் பழகியவர்கள் வீட்டுக்குள்ளும் அப்படித்தான் பேசுவார்கள். கீழ்நாட்டிலிருந்து வருகிற எங்கள் கண்டக்டர்கள் என்றால் 'சோத்தாங்கைப் பக்கம் ஒடிங்க' என்று கத்துவார்கள். சோறு தின்கிற கையின் பக்கம். மாடு மேய்க்கிறவனுக்கும் புரியும். லெப்ட், ரைட் எனக்கும் தெரியாததல்ல, லைசென்ஸ் எடுக்கும்போது கேட்டார்கள். ஆனால் பஸ்ஸுக்குள் அந்தச் சொல்லுக்கு நான் வேறு அர்த்தம் வைத்திருந்தேன். அவனும் மற்ற நேரமெல்லாம் எங்கள் அர்த்தத்தில்தான் சொல்வான். விளிம்பு உடைகிற நேரத்தில், பயத்தில், வீட்டுப் பேச்சு வந்துவிட்டது. பள்ளம் இடப்பக்கம். பாறைப் பக்கம் ஒதுங்கு, ஒதுங்கு என்று அவன் கத்தியிருக்கிறான். நான் வேகமாக வந்தேன். அவன் மடையனில்லை. சரியாகத்தான் சொன்னான்.

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளும் என் பின்னாலேயே வந்தாள். அவள்தான் அவன் மனைவி. நான் யார் என்று சொன்னதும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் கட்டங்காப்பி கொடுத்தாள். குழந்தைக்கு மூன்று வயசிருக்கும். என் செருப்பை இழுத்துப் போட்டு விளையாடியது.

"ஒண்ணு கேக்கணும்ண்ணே" என்றாள். "எல்லாரும் சொல்றாங்க, அவரே ரைட் சொன்னாருன்னு. எதையும் பாத்துப் பாத்துச் செய்யற ஆளு அவரு. பால் காய்ச்சினாக்கூட பக்கத்துலயே நிப்பாரு. அவரு ஏன்ணே அப்பிடிச் சொன்னாரு?"

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. ஃபைலைத் திறப்பார்கள். பதினோரு வருஷமும் போகும். ஸ்டியரிங்கை இனித் தொட முடியாது.

"மழைம்மா" என்றேன். "மழையில கண்ணு தெரிஞ்சிருக்காது."

அவள் தலையாட்டினாள். காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். வெட்கங்கெட்ட ஜென்மம்.

அன்று விளக்கு வைத்ததும் பெண்சாதி கேட்டாள், இன்றைக்கு என்ன பட்டது என்று. தைலமரத்தில் காக்கைக்கூடு ஒன்றைப் பார்த்தேன் என்றேன். அவளுக்குச் சந்தோஷம். கூடெல்லாம் கண்ணில் படுகிறதென்றால் மனுஷன் தேறிவிட்டான் என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

அடுத்த பத்து நாள் கை முன்னைவிட மோசமாக ஆடியது. நான் பழக்கங்களை விடவில்லை. அவள் சொன்னதைவிட அதிகமாகச் செய்தேன். ஏரியை இரண்டு சுற்று நடந்தேன். மூன்று பேருக்குப் பதில் ஆறு பேரிடம் பேசினேன். டாக்டரம்மா சொன்ன மூச்சையும் இழுத்து விட்டேன். மார்கழிப் பனியில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும்போது குழாயடியில் நின்று தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டேன். விளக்கு வைத்ததும் தவறாமல் ஒன்று சொன்னேன். வாத்து, குதிரைக்குட்டி, வெள்ளைக்காரப் பாட்டியின் தொப்பி, எதையாவது. ஒன்றை மட்டும் விட்டு.

கை நின்றுவிட்டது. நம்பித்தான் ஆக வேண்டும். ஒரு நாள் காலையில் கம்பளிக்கு வெளியே நீட்டிப் பார்த்தேன். பத்து விரலும் ஆணி அடித்த மாதிரி நின்றன.

தையில் வேலைக்குப் போனேன். பெருமாள்மலை வளைவைத் தாண்டினேன். ஒரு நாள் அங்கேயே பின்வாங்க வேண்டியும் வந்தது. வாங்கினேன். அன்று சாயங்காலம் விசிலடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பெண்சாதி பணியாரம் சுட்டாள். ரொம்ப நாள் கழித்து இரண்டு பேரும் சிரித்துப் பேசினோம். என் ஆயுளில் நான் அருவருப்போடு நினைத்துப் பார்க்கிற நாள் அந்தச் சந்தோஷமான நாள்தான். அவன் செத்த நாள்கூட இல்லை.

நான் வீட்டில் கிடந்த மாதங்களில் பஸ் ஸ்டாண்டில் ஒரு பேச்சு உருவாகியிருந்தது. யாராவது பார்க்காமல் கொள்ளாமல் சரி என்று சொல்லிவிட்டால், "இது செத்தவன் ரைட்டுப்பா" என்பார்கள். டீயில் சர்க்கரை சரியாக இருக்கிறது என்று டீக்கடைக்காரர் சொல்ல, குடித்துப் பார்த்தால் கசக்கும். "செத்தவன் ரைட்டு!" புதுக் கண்டக்டர்களுக்கு முதல் பாடமே அதுதான்: "ஏலே, பாத்துச் சொல்லு. செத்தவன் ரைட்டு சொல்லிறாத." எல்லாரும் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். டீயை உறிஞ்சிக்கொண்டு சும்மா இருப்பேன். சீனியர் டிரைவர், மரியாதை உண்டே.

பங்குனியில் ஒரு நாள் காலை பஸ்ஸில் அவன் மனைவி ஏறினாள். குழந்தையைக் கூட்டிக்கொண்டு வத்தலக்குண்டில் அக்கா வீட்டுக்குப் போகிறாள். எனக்குப் பின்னால் மூன்றாவது சீட். என்னைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களாண்ணே?" என்று விசாரித்தாள். புதுக் கண்டக்டருக்கு அவளைத் தெரியாது. அந்த வளைவு வந்ததும், சுற்றிப் பார்க்க வந்து ஊர் திரும்புகிறவர்களுக்குக் கையை நீட்டிக் காட்டினான்.

"இங்கதாங்க போன மழைக்கு ஒரு கண்டக்டர் போய்ட்டான். ரோடு இல்லாத எடத்துல ரைட்டு ரைட்டுன்னு கூப்பிட்டுத் தன் தலையிலேயே மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டான். எங்க ஸ்டாண்டுல செத்தவன் ரைட்டுன்னே ஒரு பேச்சு ஆயிப்போச்சு."

பஸ்ஸே சிரித்தது. கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. எல்லாரும் சிரிக்கிறார்களே என்று அவள் மடியில் இருந்த குழந்தையும் கையைத் தட்டிச் சிரித்தது.

என் கை நடுங்கவில்லை. வளைவு ஒடித்து, கியர் மாற்றி, நேராக்கினேன். அவ்வளவு சுத்தமாக ஓட்டினேன். அந்தக் கையைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது. பழைய கையாக இருந்திருந்தால் அன்று ஸ்டியரிங்கை விட்டிருக்கும். அதுதான் மனுஷன் கை. இதை நான் குளிப்பாட்டி, நடத்திக் கூட்டிப் போய், பேச்சுக் கொடுத்து, பூண்டு பிரிக்க வைத்துப் பழக்கியிருக்கிறேன், எதைப் பார்த்தாலும் ஆடாமல் இருக்க.

அவள் ஊரிலிருந்து திரும்பி வந்த மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பாறைப் பக்கம், பள்ளத்துப் பக்கம், அவன் சொன்னது எது, நான் எடுத்துக்கொண்டது எது என்று. கையால் காட்டிக் காட்டிச் சொன்னேன்.

அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"இது எப்பத் தெரிஞ்சது உங்களுக்கு?"

"அன்னைக்கு. தைலமரத்துகிட்ட. நீதாம்மா சொன்ன, ரைட்டு ரைட்டுன்னு."

"நானா?"

"ஆமாம்மா."

"கார்த்திகையிலயேவா?" அவள் குரல் ஏறவில்லை. "அதுக்கப்பறம்தான் உள்ள வந்து காப்பி குடிச்சீங்க. இம்புட்டு நாளும் என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

ஏரியைச் சுற்றினேன், பச்சைத் தண்ணீரில் குளித்தேன், ஆறு பேரிடம் பேசினேன். என்னவென்று சொல்வது?

"கை நடுங்குச்சும்மா. அதச் சரி பண்ணிக்கிட்டிருந்தேன்."

"சரியாயிருச்சா?"

"ஆயிருச்சு."

"அப்ப அந்தக் கையால எழுதிக் குடுங்க" என்றாள். "என்கிட்டச் சொல்லி என்ன செய்ய? நானா சிரிச்சேன்? ஸ்டாண்டுல போயிச் சொல்லுங்க."

வெளியே வந்தேன். நேரே ஆபீஸுக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். எழுத்து கோணவே இல்லை. மேனேஜர் படித்துவிட்டுத் தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

"ஏம்ப்பா, பைத்தியமா உனக்கு? கேஸ் முடிஞ்சு ஃபைலக் கட்டியாச்சு. செத்தவன் வந்து கேட்டானா? பேசாமப் போயி வண்டிய எடு."

"எடுக்கல சார்" என்றேன்.

பஸ் ஸ்டாண்டில் காலை பத்து மணிக்கு நாலு வண்டி நிற்கும். டிரைவர், கண்டக்டர், டீக்கடைக்காரர் எல்லாரும் இருப்பார்கள். என் பஸ்ஸின் படியில் ஏறி நின்று கத்திச் சொன்னேன். "அவன் சரியாத்தான் சொன்னான். பாறப் பக்கம் வரச் சொன்னான். எனக்குத்தான் வெளங்கல. நான்தான் தள்ளிவிட்டேன். இனிமே எவனாவது செத்தவன் ரைட்டுன்னு சொன்னா, டிரைவர் செவிடுன்னு சேத்துச் சொல்லுங்க." யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் வந்து என் கையைப் பிடித்து இறக்கினார். பாவம், இன்னும் சரியாகவில்லை என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

மறுநாளிலிருந்து எனக்கு வேலை இல்லை. வேறு கம்பெனிகளும் சேர்க்கவில்லை. அந்தப் பேச்சை அதன்பிறகு என் காதுபடச் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். என் காதுக்கு எட்டாத இடத்தில் நிறுத்தினார்களா என்று எனக்குத் தெரியாது.

பெண்சாதியிடம் அன்று சாயங்காலம் சொன்னேன். வேலை போனதற்குத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"தெனம் ஒண்ணு சொல்லுங்கன்னேன்" என்றாள். "காக்கா கூடு சொன்னீங்க. வாத்து சொன்னீங்க. நான் ஒரு கூறுகெட்டவ, அதக் கேட்டுக் கேட்டு ஒங்களுக்குக் கொணமாயிருச்சுன்னு குலசாமிக்கு வேண்டுதல நெறவேத்திட்டு வந்தேன்."

அதற்குப் பிறகு விளக்கு வைத்ததும் அவள் என்னை ஒன்றும் கேட்பதில்லை. நானாகச் சொன்னால் கேட்டுக்கொள்வாள். மற்ற எதுவும் மாறவில்லை. வெள்ளனே எழுந்தேன், படுக்கையை மடித்தேன், குளித்தேன், நடந்தேன். கடைத்தெருவில் ஒரு காய்கறி மண்டியில் பூண்டு பிரிக்கிற வேலை கிடைத்தது. கை சுத்தமாக இருக்கிறது என்று மண்டிக்காரர் மெச்சுவார்.

அறுபதுகளின் நடுவில், ஒரு சீசன் நாள் காலை. மண்டி வாசலில் உட்கார்ந்து பூண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே அவன் மனைவி வந்தாள். அப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்தாள். பெண்ணுக்குப் பத்து வயசு ஆகியிருந்தது, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வந்தது. அவள் என்னிடம் பேசுவதில்லை. கண்டால் ஒதுங்கிப் போகவும் மாட்டாள். நான் ஒரு கல் தூண் என்பதுபோலக் கடந்து போவாள்.

மெட்ராஸ் கார் ஒன்று அவள் பக்கத்தில் நின்றது. ஏரிக்கு எப்படிப் போவது என்று கேட்டார்கள்.

"நேராப் போங்க" என்றாள் அவள். "அந்த முக்குல சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க."

என் விரலில் இருந்த பூண்டு அப்படியே நின்றது. கொடைக்கானலில் பிறந்து, கொடைக்கானலிலேயே வளர்ந்த பெண் அவள். அந்தச் சொல்லைக் கேட்டால் அவள் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். காருக்குள் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

"சோத்தாங்கையா? ரைட்டா சொல்றீங்க?" என்று காரோட்டியவர் கேட்டார்.

அவள் தன் பெண்ணின் பிடியிலிருந்து வலது கையை விடுவித்து, தூக்கிக் காட்டினாள். கார் திரும்புகிற வரைக்கும் இறக்கவில்லை.